திண்டுக்கல் சமவெளியில் சீடத்துவமும் சேவையும்

திருச்சபையின் முதல் வேலை எது என்று திண்டுக்கல் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ஒரு சாரார் மத்தேயு நற்செய்தியின் கடைசிப் பகுதியைக் காட்டுவார்கள். எல்லா இனத்தாரையும் சீடராக்கவும், திருமுழுக்குக் கொடுக்கவும், தாம் கற்பித்ததைக் கடைப்பிடிக்கக் கற்றுத்தரவும் உயிர்த்த இயேசு கலிலேயா மலையிலிருந்து பதினொரு பேரை அனுப்பிய இடம் அது. இன்னொரு சாரார் அதே நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தைத் திறப்பார்கள். பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையில் கிடந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதுதான் அங்கே கடைசிக் கணக்கு. சேகரக் கமிட்டியிலும் பங்குப் பேரவையிலும் வரவுசெலவு போடும்போது இந்த இரண்டும் மோதிக்கொள்கின்றன. நற்செய்திக் கூட்டத்துக்கு எவ்வளவு, மருந்தகத்துக்கு எவ்வளவு என்று பேச்சு நீளும்.

இந்த மண்ணில் இரண்டையும் பிரித்துச் செய்து பார்த்ததும் உண்டு, சேர்த்துச் செய்து பார்த்ததும் உண்டு. பிரித்த இடங்களில் இரண்டுமே நொண்டின என்பது என் முடிவு. அதற்கான சான்றுகள் திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலேயே கிடைக்கின்றன.

வேதத்திலிருந்து ஒன்றை மட்டும் முதலில் நினைவூட்ட வேண்டும். திருத்தூதர் பணிகளின் ஆறாம் அதிகாரத்தில், எருசலேம் சபையில் பந்தி விசாரணையில் ஒரு பிரிவு விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறையீடு எழுகிறது. தூதர்கள் வேத போதனையைத் தாங்கள் வைத்துக்கொண்டு, சோறு பரிமாற ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் செய்கிறார்கள். இன்றைய வேலைப் பிரிவினைக்கு அதுவே ஆதாரம் என்று சொல்பவர்கள் உண்டு. அடுத்த இரண்டு அதிகாரங்களையும் படித்தால் அந்த வாதம் நிற்காது. பந்தி பரிமாறத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான்தான் சபையின் முதல் இரத்தசாட்சி. அதே ஏழு பேரில் ஒருவரான பிலிப்புதான் சமாரியாவுக்கும் எத்தியோப்பிய அதிகாரிக்கும் நற்செய்தியைக் கொண்டுபோனவர். சோற்று அகப்பை பிடித்த கைகளில்தான் சுவிசேஷம் முதலில் எருசலேமைத் தாண்டியது.

இப்போது திண்டுக்கல்லுக்கு வருவோம். 1606-இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து தொடங்கும் இயேசு சபையின் மதுரை மிஷன் இந்தப் பகுதிக் கத்தோலிக்கத்தின் வேர். நொபிலி சந்நியாசியாக வாழ்ந்து உயர்சாதியாரிடம் பேசினார். 1640-க்குப் பிறகு மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். பண்பாட்டை மதித்த அருமையான முயற்சி அது என்று பல நூல்கள் புகழ்கின்றன. புகழ்ச்சியில் நியாயம் உண்டு. ஆனால் குருவையே சாதிக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு சபைக்குள் என்ன விதையைப் போட்டது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். போர்த்துகீசிய அரசு 1759-இலும் போப்பாண்டவர் 1773-இலும் இயேசு சபையை ஒடுக்கிய பின் மிஷன் தளர்ந்தது. 1838-இல் பிரெஞ்சு இயேசு சபையார் திரும்பி வந்தார்கள். நீண்ட காலம் திருச்சி மறைமாவட்டத்தில் இருந்த திண்டுக்கல் 2003-இல் தனி மறைமாவட்டமானது. நகரின் புனித யோசேப்பு ஆலயம் அதன் பேராலயமாயிற்று.

சீர்திருத்த சபையின் பக்கம் அமெரிக்கர்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1816 முதல் வேலை செய்துவந்த அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் அமைப்பு 1834-இல் மதுரையிலும் 1835-இல் திண்டுக்கல்லிலும் நிலையம் போட்டது. யாழ்ப்பாணத்தில் செய்ததைப் போலவே இங்கும் முதலில் பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1855-இல், போர்டின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலப் பள்ளிகளில் பணம் போகிறது, படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்கள், கிராமத்தில் சபை எங்கே என்று அவர் கேட்டார். அந்த ஆண்டே யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. அமெரிக்க மதுரை மிஷனின் பசுமலைப் பள்ளி, தமிழில் உபதேசியார்களைப் பயிற்றுவிக்கும் இடமாகச் சுருங்கியது.

ஆண்டர்சனின் கேள்வி சரி, தீர்வு பாதி சரி என்பேன். மிஷன் என்பது வெளிநாட்டான் நடத்தும் நிறுவனமாக நின்றுவிடக் கூடாது, தன்னைத் தானே நடத்தி, தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே பரப்பும் உள்ளூர்ச் சபையாக வேண்டும் என்று அவர் நினைத்தது பெரிய பார்வை. ஆனால் ஆங்கிலம் படித்தால் நம்பிக்கை போய்விடும் என்ற கணக்கில், சேரிப்பிள்ளைக்குத் திறந்திருந்த ஒரே மேல்படிப்பு வாசலும் சேர்ந்து அடைபட்டது. சென்னையில் வில்லியம் மில்லர் நேரெதிர்த் திசையில் போனார். கிறிஸ்தவக் கல்லூரியின் வழியாகக் கிறிஸ்துவின் எண்ணங்கள் சமூகத்தில் மெல்லப் பரவட்டும், ஞானஸ்நானக் கணக்கு வேண்டாம் என்றார். அந்தக் கல்லூரி அறிஞர்களை உருவாக்கியது, சபையை வளர்த்ததாகச் சொல்ல முடியாது. மதுரை மிஷனே பிறகு மனம் மாறி, 1881-இல் பசுமலையில் கல்லூரி தொடங்கியது. இன்று மதுரையில் நிற்கும் அமெரிக்கன் கல்லூரி அதுதான்.

இந்த வாதங்கள் நடந்துகொண்டிருந்தபோது ஊருக்குள் வேலையைச் சுமந்தவர் உபதேசியார். பகலில் திண்ணைப் பள்ளி, மாலையில் ஜெபக்கூட்டம், இடையில் தாசில்தாருக்கு மனு எழுதிக்கொடுப்பது, காய்ச்சலில் கிடந்தவனுக்கு மருந்து வாங்கிவருவது எல்லாம் அவர்தான். சீடத்துவம் எங்கே முடிந்து சேவை எங்கே தொடங்குகிறது என்று அவரைக் கேட்டிருந்தால் கேள்வியே விளங்கியிருக்காது. பெண்கள் பகுதிக்குள் நுழைந்தவர்கள் வேதாகமப் பெண்கள். வீடு வீடாகப் போய் எழுத்துக் கற்றுக்கொடுத்து வேதம் வாசித்த அவர்களுக்காக மதுரையில் ஈவா ஸ்விஃப்ட் ஒரு பயிற்சிப் பள்ளியே நடத்தினார். சபை வரலாறுகளில் வெள்ளைக்காரர் படங்கள் இருக்கின்றன. உபதேசியார் பெயர்கள் பழைய பதிவேடுகளில் மட்டுமே இருக்கின்றன. இது திருத்தப்பட வேண்டிய அநீதி.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திண்டுக்கல்லில் பல்லாண்டுகள் பணியாற்றிய எட்வர்ட் செஸ்டர், குருத்துவப் பட்டமும் மருத்துவப் பட்டமும் பெற்றவர். அவருடைய மருந்தகத்துக்குச் சுற்றுவட்டாரத்தில் இருந்து எல்லாச் சாதியாரும் வந்தார்கள். 1876-78 தாது வருடப் பஞ்சம் வந்தபோது வானம் பார்த்த இந்தச் சமவெளி கடுமையாக அடிபட்டது. கத்தோலிக்க, சீர்திருத்த மிஷன்கள் இரண்டும் கஞ்சித்தொட்டி வைத்தன, அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தன. பஞ்சத்தின் பின் தமிழகம் முழுவதும் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள்.

கஞ்சிக்காக வந்தவர்கள் என்ற ஏளனம் அன்றே எழுந்தது. பின்னாளில் அமெரிக்கக் கோதுமையும் பால்பவுடரும் வந்தபோது அதே ஏளனம் அவற்றின் பெயரால் தொடர்ந்தது. பசித்தவன் சோறு கிடைத்த வாசலுக்கு வருவதில் பொய் எதுவும் இல்லை. வந்தவர்கள் கேட்டதும் சோறு மட்டும் அல்ல. பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டும், அதிகாரியிடம் தனக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு இடம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் வந்த காரணத்தை விட, வந்த பிறகு அடுத்த இரண்டு தலைமுறைக்குச் சபை அவர்களை என்ன செய்தது என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

இங்கேதான் பந்தி நடுவே வந்து நிற்கிறது. 1840-களின் இறுதியில் அமெரிக்க மதுரை மிஷன் ஒரு கடினமான முடிவை எடுத்தது. சாதியை விடாதவர் திருவிருந்தில் பங்குபெற முடியாது, விட்டதற்கு அடையாளம் மற்றச் சாதிக் கிறிஸ்தவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது. உபதேசியார்கள் உட்படப் பலர் மறுத்தார்கள், விலக்கப்பட்டார்கள். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடும் சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. லைப்சிக் லூத்தரன் மிஷன் மட்டும் சாதி சமூக வழக்கம்தான் என்று விலகி நின்றது. அமெரிக்கர்கள் அன்று வெளியூர்க்காரரின் அதிகாரத்தோடு நடந்துகொண்டார்கள் என்ற விமர்சனம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் தொட்ட இடம் சரியானது. சீடன் என்பவன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதில்தான் தெரிவான்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே இடத்தை மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு மீண்டும் தொட்டார். பறட்டை அண்ணன் என்று மாணவர்கள் அழைத்த அவர், ஒரே உலையில் பொங்கி எல்லோரும் பங்கிட்டு உண்பதையே தலித் மக்களின் இறையியலாக, நாட்டுப்புற இசையில் கொண்டுவந்தார். ஞானப்பாட்டில் தவிலும் கர்நாடக ராகமும் கேட்டு வளர்ந்த சபைகளுக்குப் பறையடியும் கிராமத்து மெட்டும் முதலில் அதிர்ச்சியாகவே இருந்தன. மேலிருந்து வந்த கட்டளையாக அமெரிக்கர்கள் சொன்னதை, கீழிருந்து வந்த பாட்டாக அவர் சொன்னார். இரண்டாவதுதான் நிலைக்கும் என்று நம்புகிறேன்.

திண்டுக்கல்லில் இதற்கு ஒரு நாட்டார் மரபும் இருக்கிறது. முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவில் ஆகஸ்டு மாதம் நடக்கும் அசனம் என்ற பொது விருந்தை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. நேர்ந்துகொண்டவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். இராப்பகலாகச் சமைத்து, மதம் பார்க்காமல் வருகிறவர்கள் அனைவருக்கும் போடுகிறார்கள். யாரும் அங்கே ஞானஸ்நானம் பற்றிப் பேசுவதில்லை, அது எந்த வேதத்தின் சோறு என்பதை ஒளிப்பதும் இல்லை.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மாவட்டப் பகுதியில் மூன்று மாதிரிகள் ஒரே காலத்தில் பக்கம் பக்கமாக நின்றன. ஆய்வாளர்கள் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

முதலாவது லெஸ்லி நியூபிகினுடையது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு முதல் பேராயராக வந்தவர் அவர். 1959 வரை இருந்தார். திண்டுக்கல் அவருடைய திருமண்டலத்துக்குள் அடங்கியது. சம்பளத்துக்கு ஆள் அனுப்பிச் சபையை நடத்துவதை விட, அந்தந்த ஊர் விவசாயக் கூலியே தன் சபைக்குத் தலைவனாக வளர வேண்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. கிராம ஊழியர்களுக்காகப் பாவத்தையும் மீட்பையும் பற்றிய நூல் ஒன்றைத் தமிழில்தான் முதலில் எழுதினார். பின்னாளில் உலகம் முழுவதும் படிக்கப்பட்ட அவருடைய முக்கியக் கருத்து, நற்செய்தியை நம்பவைக்கும் ஒரே விளக்கம் அதை வாழ்கிற உள்ளூர்ச் சபைதான் என்பது. அதற்கான பாடத்தை அவர் கற்ற இடங்களில் இந்த வறண்ட ஊர்களும் உண்டு.

இரண்டாவது ரால்ப் ரிச்சர்ட் கெய்தானுடையது. 1925-இல் அமெரிக்க மதுரை மிஷனுக்கு வந்த இந்த மின்னசோட்டாக்காரர், காந்தியின் நண்பர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தன் வீட்டில் தங்கவைத்ததற்காக 1930-இல் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். திரும்பி வந்தார். 1944-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் மறுபடி வந்தார். கதர் உடுத்தி, கிராமத்தோடு கிராமமாக வாழ்ந்து, டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தோடும், ஜெகந்நாதன்-கிருஷ்ணம்மாள் தம்பதியின் சர்வோதயப் பணியோடும் தன்னை இணைத்துக்கொண்டார். அவர் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. அந்நிய அரசுக்கு விசுவாசம் காட்டுவதாகக் கையெழுத்திட்டு வந்த மிஷனரிகளின் நடுவே, கிறிஸ்துவின் சீடன் யார் பக்கம் நிற்பான் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

மூன்றாவது ஒட்டன்சத்திரம். 1955-இல் ஏ. கே. தரியன், ஜேக்கப் செரியன் என்ற கேரள மருத்துவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் அங்கே கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். நகரத்தில் வருமானம் பார்த்திருக்கக்கூடியவர்கள், காய்கறிச் சந்தைக்கு மட்டும் பெயர்பெற்ற ஒரு ஊரைத் தேர்ந்துகொண்டு, சேர்ந்து ஜெபித்து, எளிமையாக வாழ்ந்து, குறைந்த செலவில் சிகிச்சை கொடுத்தார்கள். பக்கத்து அம்பிளிக்கையிலும் அந்தப் பணி கிளைத்தது. தமிழ்நாட்டிலேயே ஆசிரம வழியில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. திருப்பத்தூரில் 1921-இல் சவரிராயன் ஜேசுதாசன், ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் அது. ஒட்டன்சத்திரத்தில் கவனிக்க வேண்டியது, மருத்துவர் குழுவே ஒரு சின்னச் சபையாக வாழ்ந்தது. சேவையைத் தாங்கியது அந்த ஐக்கியம்.

அந்த ஐக்கியத்தை வைத்து மற்ற இரண்டையும் பார்த்தால், நியூபிகினின் சபையில் கெய்தானுடைய நிலமற்றவரின் பசி இடம்பெற வேண்டியிருந்தது, கெய்தானுடைய பணிக்குத் தனக்குப் பின் அதைச் சுமக்கும் ஒரு சபை வேண்டியிருந்தது. உலகச் சபைகளும் இதே காலத்தில் இதையே தேடிக்கொண்டிருந்தன. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாடு, 1952-இல் ஜெர்மனியின் வில்லிங்கன் மாநாடு, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மறைத்தூதுப் பணி ஏடு, 1974-இல் லோசான் மாநாடு என்று வரிசையாக, அறிவிப்பும் தொண்டும் ஒரே பணியின் பகுதிகள் என்ற ஒப்புதலை நோக்கி நகர்ந்தன. தமிழரான வேதநாயகம் அசரியா 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோதே, தமிழ்ச் சபையே அனுப்பும் சபையாக மாறியிருந்தது.

காந்தியின் எதிர்ப்பைத் தவிர்த்துவிட்டு இந்தக் கேள்வியை முடிக்க முடியாது. மருத்துவமனையும் பள்ளியும் மதமாற்றத்துக்கான தூண்டிலாகக் கூடாது என்றார் அவர். சட்டமும் இதில் பேசியிருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் சமயத்தைப் பரப்பும் உரிமை விவாதிக்கப்பட்டபோது, கிறிஸ்தவ நிறுவனங்களில் பல ஆண்டுகள் படித்தும் தன்னை மாற்ற யாரும் முயலவில்லை என்று டி. டி. கிருஷ்ணமாச்சாரி அதை ஆதரித்துப் பேசினார். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. 1977-இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில், பரப்பும் உரிமை பிறரை மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2002-இல் தமிழ்நாடு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, பின்னர் நீக்கப்பட்டது. தூண்டில் வேண்டாம் என்பதை நற்செய்தியே சொல்கிறது. பத்துக் குஷ்டரோகிகள் குணமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரின் சுகம் திரும்பப் பறிக்கப்படவில்லை.

இன்றைய நிலை எனக்குக் கவலை தருகிறது. ஒரு பக்கம், சீடராக்குவது என்பது கூட்டப் பந்தலும் ஒலிபெருக்கியும் தனிமனித ஆசீர்வாதமும் என்று சுருங்கிவிட்டது. இன்னொரு பக்கம், சேவை என்பது நிறுவனமாகிவிட்டது. பள்ளியில் சேர்க்கைக் கட்டணம், பதவிக்கு வழக்கு, சொத்துக்குத் தகராறு என்று ஆன பிறகு அங்கே எந்த ஏழைக்கு என்ன தொண்டு நடக்கிறது?

சாதியோ இரண்டு பக்கமும் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவரும், 2008-இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் இருவர் உயிரிழந்த மோதலும் நம் சபைகளின் கதைதான். இதன் மேல் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, ஞானஸ்நானம் பெற்ற தலித்தைப் பட்டியல் சாதியிலிருந்து நீக்குகிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அந்தத் தடை விலகியது. கிறிஸ்தவருக்கு இன்னும் விலகவில்லை. பிள்ளையின் படிப்புக்காகச் சான்றிதழில் ஒரு பெயரும் சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் வைத்திருக்கும் தாயைப் பீடத்தில் நின்று குறை சொல்வது எளிது. சீடத்துவத்தின் விலையை அவள் மட்டும் கட்டுகிறாள்.

அயலான் யார் என்ற கேள்விக்கு இன்று திண்டுக்கல், வேடசந்தூர் பக்கங்களில் தெளிவான பதில் உண்டு. விடியுமுன் ஆலை வேனில் ஏறிப் போகும் இளம்பெண்கள். 2021 சனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் பெண் கொலை செய்யப்பட்டார், அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அதன் பின் 2022-இல், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு நூற்பாலை மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், ஆலை நிறுவனமும், வெளிநாட்டு ஆடை வணிக நிறுவனமும் சேர்ந்து, பாலியல் வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நம் ஊர்ப் பெயரில் உலகம் பேசும் ஒப்பந்தம் அது. அதை உண்டாக்கியவர்கள் தொழிலாளர் பெண்கள். எரிகோச் சாலையில் ஆசாரியனும் லேவியனும் நடந்துபோன பக்கத்தில் நம் சபைகள் நடந்துபோயினவா என்று பேராயர்கள் முதல் உபதேசியார் வரை கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேகரத்துப் பெரியவர்களிடமும் பங்குப் பேரவைகளிடமும் அன்பிய ஒருங்கிணைப்பாளர்களிடமும் வெளிப்படையாக மூன்று கேட்கிறேன். உங்கள் கல்லறையில் பிரிவு இருந்தால் இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். ஆலைக்குப் போகும் பெண்கள் உங்கள் தெருவில் யார் யார் என்று தெரிந்துகொண்டு, அவர்கள் ஓய்வு நாளில் வந்து உட்கார்ந்து பேச ஆலய வளாகத்தில் ஒரு அறையைத் திறந்துவிடுங்கள், அவர்கள் எந்த மதமானாலும் சரி. அடுத்த கட்டடத்துக்கு நன்கொடைச் சீட்டு அடிக்கும் முன், உங்கள் ஊரிலேயே வேதம் கற்பிக்கவும் மனு எழுதவும் நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் தெரிந்த இரண்டு பேரையாவது ஆணும் பெண்ணுமாகப் பயிற்றுவியுங்கள்.